பார்க்கப் பிடித்த உடை, உடுத்தப் பிடித்த உடை

“பிடித்த உடைகளின் படங்களை ரொம்ப நாளாகச் சேமித்து வருகிறேன். அவற்றைப் பார்த்து வாங்கி உடுத்தினால் கண்ணாடியில் வேறு யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்கென்று ஒரு பாணி இருக்கிறதா? இருந்தால் அதை எங்கே தேடுவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டால், தேடுவதற்கு இன்னும் நாலு இடங்களைக் காட்டிவிட்டு நான் போய்விடலாம். ஆனால் உங்களிடம் படங்களுக்குப் பஞ்சமில்லை. கண்ணுக்குப் பிடித்தது உடம்பில் ஏறியதும் ஏன் பிடிக்காமல் போகிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

மேடை நாடகங்களுக்கு உடை வடிவமைப்பது என் தொழில். அதற்கு முன் பல வருடம் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான காகித அச்சு) வெட்டும் மேசையில் வேலை. தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் அலமாரியைத் திறந்து காட்டி யோசனை கேட்பதும் உண்டு. ஆகவே துணி, வெட்டு, அளவு பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பி எடுத்துக்கொள்ளலாம். மனசு பற்றிச் சொல்லுமிடங்களில் படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன். அங்கே கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

பில் கன்னிங்ஹாம் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். நியூயார்க் தெருக்களில் நடந்து போகிறவர்களின் உடைகளைப் படமெடுத்து, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஏறத்தாழ நாற்பது வருடம் வெளியிட்டவர். 2016இல் இறக்கும் வரை அதே வேலைதான். ஆகாயத்தை முட்டும் தொப்பி, தரையைக் கூட்டும் கோட்டு, யாரும் போடத் துணியாத காலணி என்று எது கண்ணில் பட்டாலும் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படமெடுப்பார். அவர் போட்டுக்கொண்டதோ பிரெஞ்சுத் தொழிலாளர்கள் அணிகிற, முன்பக்கம் பெரிய பைகள் வைத்த நீல நிற மேல்சட்டை. எப்போது பார்த்தாலும் அதுதான். அவருக்கு ரசனை போதாது என்று யாராவது சொல்ல முடியுமா? உடைகளை அவரளவு பார்த்தவர்களே குறைவு. ரசிப்பதும் உடுத்துவதும் அவரிடம் இரண்டு தனித்தனிக் காரியங்களாக இருந்தன. பெரும்பாலோரிடமும் அப்படித்தான் இருக்கின்றன. நாம்தான் ரசித்ததையெல்லாம் உடுத்தியாக வேண்டும் என்று நினைத்துக் காசை விடுகிறோம்.

எனவே முதலில் சேமித்த படங்களின் மேல் இருக்கும் மயக்கத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுகிறேன். விளம்பரப் படத்தில் ஒரு சட்டை இடுப்பில் அளவெடுத்த மாதிரி நிற்கிறதென்றால், முதுகுப் பக்கம் வரிசையாகக் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். கடைப் பொம்மைக்கும் பின்னால் குண்டூசிகள் உண்டு. படம் எடுப்பதற்கு ஒரு நிமிடம் முன்புதான் நீராவி காட்டிச் சுருக்கம் நீக்கியிருப்பார்கள். அந்த மாடல் அதைப் போட்டுக்கொண்டு உட்காரவில்லை, பையைத் தூக்கவில்லை, வெயிலில் நடக்கவில்லை. படம் காட்டாத இன்னொன்று துணியின் கனம். சட்டைத் துணி ஒரு சதுர மீட்டருக்கு 100, 120 கிராம் இருக்கும். கோட்டுக்கான கம்பளித் துணி 400 கிராமைத் தாண்டும். ஒரே வெட்டை இந்த இரண்டிலும் தைத்துப் பார்த்தால் ஒன்று உடம்போடு ஒட்டிக்கொள்ளும், மற்றது உடம்பை விட்டு விலகித் தன் வடிவத்தில் நிற்கும். படத்தில் உங்களை ஈர்த்தது அந்த விறைப்பாக இருக்கும். நீங்கள் வாங்கியதோ அதே வடிவத்தில் ஒரு மெல்லிய துணி. வேறு யாரோ மாதிரி தெரிந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

அதற்காகப் படங்களை அழித்துவிட வேண்டாம். படிக்கிற முறையை மாற்றினால் போதும். என்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு பெண்ணின் தொகுப்பு முழுக்க நீளமான கருப்புக் கோட்டுகள். அப்படி இரண்டு கோட்டு வாங்கியும் இருந்தார், போடவே இல்லை. படங்களை அச்செடுத்துத் தரையில் பரப்பி, கோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் அவரே சொன்னார்: எல்லாப் படத்திலும் கையை முழங்கை வரை ஏற்றி விட்டிருக்கிறார்கள், மணிக்கட்டு வெறுமையாக இருக்கிறது, கழுத்தில் எதுவும் இல்லை. அவர் அன்று போட்டிருந்த சாதாரணச் சட்டையின் கையும் மடித்துத்தான் இருந்தது. கோட்டு வெறும் சாக்கு. அவர் விரும்பியது உடம்பை மூடிய ஓர் உடையும் அதில் திறந்த கையும் கழுத்தும்தான். அதைக் கோட்டில்லாமலே செய்யலாம், கோடையிலும் செய்யலாம்.

இதை நீங்களும் செய்து பாருங்கள். ஒரு இருபது படத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் உடையின் பெயரைச் சொல்லாமல் அதை விவரியுங்கள். “ஜீன்ஸ், வெள்ளைச் சட்டை” என்று எழுதினால் கடைப் பட்டியல்தான் கிடைக்கும். மேலே அகலம் கீழே ஒடுக்கம், ஒரே நிறத்தில் மூன்று ஆழம், பளபளப்பு எங்கேயும் இல்லை, இடுப்புக் கோடு உயரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். அப்படி எழுதும்போது சில படங்களில் உங்களுக்குப் பிடித்தது உடையே இல்லை என்பதும் தெரிந்துவிடும். அந்த மனிதரின் நடை, ஜன்னல் வெளிச்சம், அவர் நிற்கிற காலியான அறை, யாருக்கும் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியிராத முகம், இவையெல்லாம் விற்பனைக்கு இல்லை. அந்தப் படங்களைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். ரசிக்க இருக்கட்டும்.

இனி அலமாரி. பாணி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, அதற்கான சாட்சியம் துணிகளின் தேய்மானத்தில் இருக்கிறது. காலர் விளிம்பு நூல் பிரிந்த சட்டை எது, முழங்கால் வெளுத்த கால்சட்டை எது, துவைத்துக் காய்ந்ததும் மடித்து வைக்காமலே மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்வது எது என்று பாருங்கள். அவற்றைக் கட்டிலில் வரிசையாக வையுங்கள். எதிர் வரிசையில் போடாமலே இருக்கும் புதுசுகளை வையுங்கள். நான் பார்த்தவரை தேய்ந்த வரிசை எப்போதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். நிறம் மாறியிருக்கலாம், ஆனால் கழுத்து ஒரே அளவு திறந்திருக்கும், துணி ஒரே மாதிரி மென்மையாக இருக்கும், பை இல்லாதது ஒன்றுகூட இருக்காது. புது வரிசை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இழுக்கும். முதல் வரிசை உங்கள் உடம்பு தேர்ந்தெடுத்தது. இரண்டாவது, வாங்குகிற நேரத்தில் நீங்கள் ஆக நினைத்த ஆட்கள். இந்த இரண்டாவதைக் கேலி செய்ய வேண்டியதில்லை, அதிலும் தகவல் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மேலும் மேலும் வாங்கினால் அலமாரி நிறையும், உடுத்த ஒன்றும் இருக்காது.

தேய்ந்தது எல்லாம் பிடித்தது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. வேலையிடத்துக் கட்டாயத்தால் தேய்ந்ததும் இருக்கும், வேறு வழியில்லாமல் போட்டதும் இருக்கும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, நாளைக்கு இது தொலைந்துபோனால் இதே மாதிரி இன்னொன்று தேடுவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் பெரும்பாலும் உடனே வந்துவிடும்.

பிடிக்காத வரிசையில் இருக்கிற உடைகளைப் பற்றி ஒரு சந்தேகத்தை மட்டும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்: பாணி பொருந்தவில்லையா, அளவு பொருந்தவில்லையா? என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்காவது சிக்கல் இரண்டாவதுதான். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை, ஏனென்றால் இது கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது. கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பது போதாது. இரண்டு கையையும் தூக்குங்கள். சட்டை முழுவதும் கூடவே மேலே ஏறினால் கைக்குழி, அதாவது கை பொருத்தித் தைக்கிற வளைவு, தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது. கைக்குழி லூசாக இருந்தால்தான் வசதி என்று தோன்றும், ஆனால் நடப்பது நேர்மாறு. அக்குளை ஒட்டி உயரமாக வெட்டிய கைக்குழியில்தான் கை தனியாக அசையும், உடம்புப் பகுதி இருந்த இடத்தில் இருக்கும். ரெடிமேடில் ஒரே அளவு பல உடம்புகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தாழ்த்தி வெட்டுவார்கள். அதனால்தான் நாள் முழுக்கச் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறோம், அந்த எரிச்சலை “இது என் ஸ்டைல் இல்லை” என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

அடுத்து தோள் தையல். தோள் எலும்பு முடிகிற இடத்தில் அது உட்கார வேண்டும்; வேண்டுமென்றே தாழ்த்தித் தைத்த வடிவங்கள் விதிவிலக்கு. பிறகு உட்கார்ந்து பாருங்கள். நாளில் பெரும்பகுதி உட்கார்ந்தே கழிகிறவர்கள் நின்றபடி உடை வாங்குவது வேடிக்கைதான். சுருக்கங்களும் பேசும். ஒரு பொத்தானிலிருந்து கதிர் விரிந்த மாதிரி கோடுகள் கிளம்பினால் அந்த இடத்தில் துணி போதவில்லை. குறுக்கே மடிப்பு விழுந்தால் அகலம் குறைவு, இல்லை நீளம் அதிகம். நெடுக்கே தொய்ந்து விழுந்தால் அகலம் கூடுதல். நீட்சியில்லாத துணியில் தைத்த, ஓரளவு உடம்பைப் பிடிக்கிற சட்டைக்குக்கூட மார்புச் சுற்றளவைவிட 8 முதல் 12 செ.மீ. வரை கூடுதல் இடம் வேண்டும். மூச்சு விடவும் கையை நீட்டவும் அந்த இடம்தான் உதவுகிறது. இந்தச் சோதனையில் தேறாத உடையை வைத்து உங்கள் ரசனையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நிறத்துக்கு வந்தால் உறுதியும் சந்தேகமும் கலந்தே கிடக்கின்றன. உறுதியானதை முதலில் சொல்கிறேன். பாரிஸில் கோப்லான் ஆலையில் சித்திரத் திரைச்சீலைகள் நெய்வார்கள். 1824இல் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் ஷெவ்ரெல் என்ற வேதியியலாளர். கருப்பு நூலில் கருமை போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. நூலைச் சோதித்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கருப்பை வெளிறிக் காட்டின. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற அந்த விதியை 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். உடையில் காலருக்குப் பக்கத்து நிறம் உங்கள் முகம். அழுத்தமான பச்சைக்கு மேலே முகத்தின் சிவப்பு தூக்கலாகத் தெரிவது இதனால்தான். இதோடு, துணியில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சமும் தாடைக்கடியில் விழுகிறது. வெள்ளை அங்கே நிழலைக் குறைக்கும், கருப்பு நிழலை அப்படியே விட்டுவிடும். கடை விளக்கில் ஒத்துப்போன இரண்டு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் சண்டை போடுவதும் உண்மை. விளக்கின் ஒளியில் எந்தெந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

சந்தேகத்துக்குரியது, ஆட்களை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று பருவங்களாகப் பிரித்து இவர்களுக்கு இந்த நிறம்தான் என்று அட்டை கொடுக்கிற முறை. 1980களில் பரவி, இப்போது மறுபடியும் பேசப்படுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் கவனிப்பு பொய்யில்லை. முகத்தருகே துணியைப் பிடித்து ஒப்பிடுவது நாங்களும் மேடைக்குச் செய்வதுதான். ஆனால் மனிதத் தோலின் எண்ணற்ற நிறபேதங்களை நாலு பெட்டியிலோ பன்னிரண்டு பெட்டியிலோ அடைக்கலாம் என்பதை நான் நம்பவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு நிபுணர்கள் இரண்டு பருவம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அட்டையை வைத்துப் பிடித்த நிறத்தைத் தூக்கி எறியாதீர்கள். முகத்தருகே ஒத்துவராத நிறத்தைக் கால்சட்டையில், காலணியில், பையில் வைத்துக்கொள்ளலாமே.

“குள்ளமானவர்கள் இதைப் போடக் கூடாது, குறுக்குக் கோடு போட்டால் பருமனாகத் தெரியும்” வகை விதிகளையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் ஒரு சதுரத்துக்குள் குறுக்குக் கோடுகள் வரைந்து, அது உயரமாகத் தெரிகிறது என்று காட்டியிருந்தார். 2011இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்ப்சனும் கிரியாகி மிக்கெல்லிடோவும் அதை உடைகளில் சோதித்தார்கள். குறுக்குக் கோடு ஆளைப் பருமனாகக் காட்டவில்லை என்பது அவர்கள் முடிவு. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது, உடல்வாகைப் பொறுத்தும் பார்க்கிறவரைப் பொறுத்தும் அது மாறுகிறது என்று தெரிந்தது. ஆக, விஷயம் இன்னும் தீரவில்லை. கோடு பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

பாணியைத் தேடும்போது சுயபரிசோதனை எப்படிச் செய்வது என்பதுதான் பலருக்கும் குழப்பம். கண்ணாடி நல்ல நண்பன், ஆனால் நம் பக்கம் சாய்கிற நண்பன். 1977இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே முகத்தின் நேர்ப்படத்தையும் இடவலம் மாறிய படத்தையும் காட்டினார்கள். அந்த முகத்துக்குரியவர்கள் கண்ணாடியில் பார்த்துப் பழகிய மாறிய படத்தையும், நண்பர்கள் நேர்ப்படத்தையும் விரும்பினார்கள். அதனால் முதலில் எடுக்கிற சில புகைப்படங்கள் உங்களுக்கு உறுத்தத்தான் செய்யும். உடையின் மேல் பழி போடாதீர்கள். கையை நீட்டி எடுக்கிற செல்ஃபி இன்னும் மோசம். கிட்ட இருப்பதைப் பெரிதாக்கிவிடும். ஃபோனை இடுப்பு உயரத்தில் எங்காவது நிறுத்தி, மூன்று நாலு மீட்டர் தள்ளி நின்று டைமரில் எடுங்கள்.

எப்போது எடுப்பது என்பது அதைவிட முக்கியம். எல்லோரும் காலையில் கிளம்பும்போது எடுக்கிறார்கள். நான் சாயங்காலம் வீடு திரும்பியதும் எடுக்கச் சொல்வேன். துணி கசங்கியிருக்கும், கையை மடித்திருப்பீர்கள், எதையோ கழற்றிப் பையில் போட்டிருப்பீர்கள். அந்தப் படத்தில் இருப்பதுதான் நீங்கள் உடுத்துகிற விதம். கூடவே ஒரு வரி எழுதுங்கள்: எதைச் சரிசெய்துகொண்டே இருந்தேன், எதை மறந்தே போனேன். மறந்துபோனதுதான் நல்ல உடை என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு உடுத்தியிருப்பதை நாள் முழுக்க உணர்வதே சந்தோஷம், அவர்கள் வேறு ரகம். நீங்கள் எந்த ரகம் என்பதும் அந்த வரிகளிலேயே தெரியவரும். சில வாரம் இப்படி எழுதியபின் மொத்தமாக உட்கார்ந்து படியுங்கள். நடுவில் படித்தால் அடுத்த நாள் அதற்கேற்ப நடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

பிறர் பார்வை பற்றிய பயம் கேள்வியில் நேரடியாக இல்லை, ஆனால் “வேறு யாரோ மாதிரி” என்ற சொல்லுக்குள் அது ஒளிந்திருக்கலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் மற்றவர்களும் 2000இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஆறுதல். மாணவர்களுக்குச் சங்கடமான ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட டி-சர்ட்டைப் போடச் சொல்லி, ஆட்கள் நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அதைப் போட்டிருந்த மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்க்கத் துணிவில்லாதவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது இது. ஆனால் உடை நம் மனத்தையே மாற்றிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதைக் கொஞ்சம் ஆறப்போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் கோட்டு என்று சொல்லி வெள்ளைக் கோட்டு அணிவித்தால் கவனம் கூடுகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்து பெரும் புகழ் பெற்றது. 2019இல் அதே சோதனையை அப்படியே திரும்பச் செய்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. ஒத்திகையில் நடிகர்கள் சீக்கிரமே பாத்திரத்தின் காலணியைக் கேட்டு வாங்குவதை நான் எப்போதும் பார்க்கிறேன், காலணி மாறினால் நடை மாறுகிறது என்பதும் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் நடை மாறுவது வேறு, மனசு மாறுவது வேறு.

அந்த ஒத்திகை வழக்கத்திலிருந்து உங்களுக்கு ஒன்றை மட்டும் கடன் தருகிறேன். நாங்கள் முழு உடையையும் ஒரே நாளில் போட்டுவிட மாட்டோம். ஒரு பொருளைக் கொடுப்போம், அதோடு சில நாள் பழகவிடுவோம், பிறகு அடுத்தது. நீங்களும் ஒரு படத்தை முழுசாக நகலெடுக்காமல், அதிலிருந்து ஒன்றை மட்டும் தேய்ந்த வரிசையோடு சேர்த்துப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு வேறு எதையும் மாற்ற வேண்டாம். அது காலர் வடிவமாகவோ, கால்சட்டையின் நீளமாகவோ, ஒரு நிறமாகவோ இருக்கலாம். ஒத்துவந்தால் தங்கும். வரவில்லையென்றால் எதனால் வரவில்லை என்று தெளிவாகத் தெரியும், ஏனென்றால் மாறியது ஒன்றுதான்.

தேட வேறு இடங்களும் கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்கான உடைகளைப் பாருங்கள். தச்சர், மீனவர், சமையல்காரர், மாலுமி. அவற்றில் ஒவ்வொரு பைக்கும் மடிப்புக்கும் காரணம் இருக்கும். ஜீன்ஸ் பையின் மூலையில் இருக்கும் செம்பு ஆணிகூட, பை கிழியாமல் இருக்க 1873இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடுதான். பழைய ஓவியங்களில் துணி எப்படி விழுகிறது என்று பாருங்கள். உங்கள் வயதும் உடல்வாகும் உள்ள அந்நியர்கள் நடந்து போவதைப் பாருங்கள். அசைகிற உடை சொல்வதை எந்தப் படமும் சொல்லாது. உங்களுடைய பழைய புகைப்படங்களையும் எடுங்கள். சின்ன வயதில் அடம்பிடித்துப் போட்டுக்கொண்ட உடை எது என்பதில் சில சமயம் ஆச்சரியமான தொடர்ச்சி தெரியும், சில சமயம் ஒன்றுமே இராது.

நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதவையும் உண்டு. உங்கள் உடம்புக்கு எந்த நீளம் என்றோ, எந்தக் கழுத்து வெட்டு என்றோ எழுத்தில் சொல்வது ஊகமாகத்தான் இருக்கும். மேல்-கீழ் உடையை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பிரித்தால் அழகு என்பார்கள்; நானும் அங்கேதான் தொடங்குவேன், ஆனால் அது பழக்கம், விதியல்ல. எதைப் போட்டாலும் கண்ணாடியில் உடம்பையே பார்க்கப் பிடிக்கவில்லை, வெளியே போகவே மனமில்லை என்ற அளவில் இருந்தால் அது துணிக்கடையில் தீருகிற விஷயமல்ல. அதற்கு மனநல ஆலோசகரைப் பார்ப்பதுதான் சரி. உடல் இப்போதுதான் மாறியிருக்கிறது என்றால், நோயோ பிரசவமோ வயதோ எதுவானாலும், பழைய தேய்ந்த வரிசை கொஞ்ச காலத்துக்குச் சாட்சி சொல்லாது. புதிதாகத் தேயட்டும் என்று காத்திருக்க வேண்டும்.

கடைசியாக, போடாமல் கிடக்கிற புதுசுகள். எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் முதலில் தையல்காரரிடம் போகச் சொல்வேன். கால்சட்டை நீளம், சட்டையின் பக்கவாட்டு அகலம், கோட்டின் கை நீளம் இவற்றைக் குறைப்பது சுலபம். தோளைக் குறைப்பது கோட்டையே பிரித்துத் திரும்பத் தைக்கிற வேலை. பெரும்பாலும் செலவுக்குத் தகுந்த பலன் இராது. தாழ்ந்த கைக்குழியை உயர்த்தத் துணியே இருக்காது. கோட்டின் உயரத்தைக் குறைத்தால் பைகள் விளிம்புக்கு மிக அருகில் வந்து விகாரமாகத் தெரியும். பெரிதாக்க வேண்டுமென்றால் உடையை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ரெடிமேடில் பல சமயம் ஒரு செ.மீ.தான் இருக்கும், அதில் பிரித்துவிட இடமில்லை. இரண்டரை செ.மீ. இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து செ.மீ. கிடைக்கும். அவ்வளவு போதுமா என்று முன்னால் சொன்ன மாதிரி கையைத் தூக்கியும் உட்கார்ந்தும் பார்த்துவிட்டு, பிறகு எதைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்யுங்கள்.